கேலரி கூப்பிடும் பெயர்

பச்சைத் தொப்பிக்காரன் மறுபடியும் எழுந்து நின்றுவிட்டான். எனக்கு முன்வரிசை அவன், அவன் எழுந்தால் மைதானத்தில் பாதி அவன் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது, உட்காருங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, ஆனால் சொல்ல மாட்டேன், கேலரியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் புருஷன் க்வேகுவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன், வயிறு எரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டு யாரோ ஒருத்தியைப் போல உட்கார்ந்திருக்கிறேன். செகண்ட் ஹாஃப் பாதி ஓடிவிட்டது, வெயில் எதிர் கேலரிக்குப் பின்னால் இறங்குகிறது, ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று, என் புருஷன் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில், தண்ணீர் கேன் பக்கத்தில். மொட்டைத் தலை பளபளவென்று தெரிகிறது, கை கால்முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, தேய்க்காதீங்க, ஐயோ தேய்க்காதீங்க, அந்த ஆள் பார்ப்பான், பார்த்தால் அதையே சாக்காகச் சொல்வான். அந்த ஆள் என்றால் மணிக்கூண்டு கிளப் செக்ரட்டரி மோகனரங்கம். ஷாமியானாவுக்குக் கீழே கால்மேல் கால் போட்டுக்கொண்டு முந்திரிப்பருப்பு தின்கிறான். கிளப் ரூமில் என்னையும் வைத்துக்கொண்டு எவ்வளவு மரியாதையாகப் பேசினான். "பாருங்க சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. ஜனங்க ஆசைப்பட்டா நானும் ஆசைப்படறேன். மேட்ச்சன்னிக்கு கேலரி குகன் குகன்னு கேக்கட்டும், எறக்கி விடறேன். ஒழுங்கா ஆடட்டும், அடுத்த வருஷமும் நம்ம டீம்தான். கேக்கலன்னா நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க." நானே சொல்ல வேண்டுமாம். க்வேகு தலையை ஆட்டிக்கொண்டு தேங்க்யூ சார் என்றார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இத்தனை வருஷம் இந்த டீமைத் தூக்கி நிறுத்திய மனுஷன் தேங்க்யூ சார் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேளுங்களேன். வாயில் என்ன கொழுக்கட்டையா. இதே கேலரிதானே, இதே ஜனங்கள்தானே, அந்த ஃபைனலில் தலை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு, கட்டு முழுக்க ரத்தமாக, அந்தத் தலையாலேயே முட்டிக் கோல் போட்டாரே, அன்றைக்குக் கம்பித் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டு பெரம்பூர் வரைக்கும் போனீர்களே. க்வேகு என்று சொல்ல வரவில்லை, குவேகு, குகூ, கடைசியில் குகன் என்று வைத்துவிட்டார்கள், குகன் வந்தால் கோல், குகன் தொட்டால் கோல், ஆட்டோ முதுகில் குகன், டி-ஷர்ட்டில் குகன், ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் கறுப்பு உல்லன் நூலைத் தலையில் கட்டிக்கொண்டு இவருடைய சடை மாதிரி ஆட்டிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எல்லாரும் குகன் பொண்டாட்டி என்று காட்டும்போது தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் மைதானத்துக்கு எதிர் டீக்கடையில் பால் இல்லாத கறுப்பு டீக்குக் குகன் டீ என்று பெயர் வைத்தார்களே, அன்றைக்கு எனக்கு நெஞ்சில் முள் குத்தியது. "ரெண்டு பால் டீ, ஒரு குகன்" என்று ஒருத்தன் கத்துகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், இவரும் கூட நின்று சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டேன், எப்படி உங்களால் சிரிக்க முடிகிறது என்று. "ஜெஸி, ஃபுட்பால் ஆடுறவன் கோவப்பட்டா ரெட் கார்டு. நீ கோவப்படு. எனக்கும் சேத்து" என்றார். எனக்கும் சேர்த்து. அன்றிலிருந்து இரண்டு பேருடைய கோபத்தையும் நான் ஒருத்தியே சுமக்கிறேன், கனமாக இருக்கிறது, யாராவது வாங்கிக்கொள்ளுங்களேன்.

அப்புறம் அந்த பேனர். அதை நினைக்கவே கூடாது என்று வருவேன், இங்கே வந்து உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். இவர் பிறந்தநாளுக்குப் பாலத்தடியில் வைத்தார்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, எங்கள் கறுப்புச் சிங்கமே, வடசென்னையின் வரமே, கீழே இருபது முப்பது தபால்தலை முகங்கள், நடுவில் பெரிதாகப் படம். படத்தில் இருப்பது க்வேகு இல்லை. யாரோ. எந்த ஊர் ஆளோ, எந்த நாட்டு ஆட்டக்காரரோ, நெட்டில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், சடை இருக்கிறது, கறுப்பாக இருக்கிறார், போதாதா. இவருக்கு இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு, காது ஒட்டினாற்போல் இருக்கும், சிரித்தால் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி, இதெல்லாம் எங்கே. அந்த முகத்துக்குப் பால் ஊற்றினார்கள், மாலை போட்டார்கள், ஒருத்தன் கற்பூரம் காட்டினான், கிளப் ஆட்கள் வந்து கைதட்டினார்கள், மோகனரங்கமும் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், ஒருத்தன், ஒரே ஒருத்தன், இது அவர் இல்லையே என்று சொல்லவில்லை. ஒரு மாதம் வெயிலிலும் மழையிலும் யாரோ ஒரு மனுஷன் என் புருஷன் பெயரில் அங்கே நின்றான். க்வேகு அந்த பேனருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் தன் சொந்த ஊரான தக்கோராடியில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் போன் போட்டு யார் அது என்று கேட்டார். இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதுதான் நான் என்றார். வீடு மட்டும் கிடைக்கவில்லை. பேனர் வைத்த தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருந்தது, வீட்டுக்காரர் இவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார், மகனுக்கு ஜெர்சியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்து, தப்பா நெனச்சுக்காதீங்க, பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீடு, உங்க ஆளுங்க சமையல் வாடை வேற ஒத்துக்காது என்றார். உங்கள் ஆட்கள். வாடை வந்தால் அது நான் வைக்கிற நெத்திலிக் குழம்பு வாடைதானே.

கோச் எழுந்து நிற்கிறார். கஜபதி நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்தவர். பெஞ்சைப் பார்க்கிறார், ஷாமியானாவைப் பார்க்கிறார், உட்கார்ந்துவிட்டார். ஷாமியானாவில் முந்திரி. கேலரியில் விசில், டிரம், எவனோ பீப்பீ ஊதுகிறான், ஆனால் அந்தப் பெயர் வரவில்லை. பெயர் என்று நினைத்தால் எனக்கு எங்கள் கண் ஆஸ்பத்திரி ஹால்தான் ஞாபகம் வரும். நான் அங்கே ரிசப்ஷன், சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற வேலை, அன்றைக்கு ஒரு சீட்டில் எப்படி வாசிப்பதென்றே தெரியாத ஒரு பெயர். மற்றவளாக இருந்தால் ஏய் அந்த ஆப்பிரிக்கா பேஷண்ட் என்று கையைக் காட்டியிருப்பாள், மூலையில் கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் ஒருத்தர்தானே அப்படி. எனக்கு என்னவோ அப்படிக் கூப்பிட மனசு வரவில்லை, கிட்டே போய் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். க்வேகு என்றார், புதன்கிழமை பிறந்தவன் என்று அர்த்தம், எங்கள் ஊரில் பிறந்த கிழமைதான் முதல் பெயர் என்றார். திரும்பி வந்து கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, க்வேகு அன்சா என்று கூப்பிட்டேன். ஒற்றைக் கண்ணோடு எழுந்து நின்றார் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. பிறகு சொன்னார், இந்தியாவுக்கு வந்து முதன்முதலாகப் பெயரைச் சரியாகக் கூப்பிட்டது நீதான் என்று. கல்கத்தாவில் பெரிய கிளப் என்று ஆசை காட்டிக் கூட்டிவந்த ஏஜெண்ட் விமான நிலையத்துக்கே வரவில்லை, அங்கே இங்கே ஆடி, கேரளாவில் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற எழுவர் ஆட்டத்தில் சேர்ந்தார், அங்கே வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லித்தான் இவரைக் கூப்பிட்டார்களாம், இவரை மட்டுமல்ல, இவரைப் போல வந்தவர்கள் எல்லாரையும் அந்த ஒரே பெயரால். இவர் வந்தது தக்கோராடிக் கடற்கரையிலிருந்து. அங்கே மணலில் பந்து உருளாது, காலால் கிளப்பி விட்டுத்தான் ஓட வேண்டும், அந்த மணலில் கற்றுக்கொண்டதுதான் அந்த வெட்டு, இடது தோளைத் தாழ்த்திப் போகிற மாதிரிக் காட்டி, எதிராளி நம்பிச் சாய்ந்ததும் குதிகாலால் பந்தைக் கிளப்பித் தன் தலைக்கு மேலேயே முன்னால் போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடுவது. அதற்கும் குகன் வெட்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பார்கள், இருக்கிற பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

முட்டி போனது மழைக்காலத்தில், சேற்று மைதானத்தில் ஒருத்தன் காலை விட்டான், விழுந்த சத்தம் கேலரிக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்குப் பின்னால் இருந்தவன், எழுந்திரிடா கருங்குரங்கே, நடிக்காதே என்று கத்தினான், நம் டீம் கொடி பிடித்திருந்தவன்தான், அதோடு நிறுத்தியிருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ, நான் திரும்பிப் பார்த்ததும், இதான் அவன் பொண்டாட்டி என்று தொடங்கிச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னான். செருப்பைக் கழற்றினேன். அடித்தேன், முகத்திலேயே. அப்புறம் கேலரி இரண்டுபட்டு, ஆட்டம் நின்று, போலீஸ் வந்து, ஸ்ட்ரெச்சரில் போகிற மனுஷன் தன் முட்டியை விட்டுவிட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வாங்கியதுதான் இந்தச் சத்தியம். வா, ஆனால் பேசாதே, யாரென்று காட்டாதே என்றார். அம்மா வேறொரு சத்தியம் செய்தாள். மருமகன் எழுந்து ஓட ஆரம்பித்தால் வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள், தன் முடியை இல்லை, மருமகன் முடியை. "ஓன் தலைய நேந்துக்க வேண்டியதுதானேம்மா" என்றேன். "எந்தலைல என்ன கீது குடுக்க, நாலு நரைதானே? மாதாவுக்கு நல்லதாத்தான் குடுக்கணும்" என்றாள். முட்டி தேறியது, ஓட ஆரம்பித்தார், அம்மா விடவில்லை, நேர்ந்ததை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, முட்டி திரும்ப மடங்கிவிடும் என்று ஒரே அழுகை. போன வாரம் போனோம். மொட்டை போடுகிறவர் சடையைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார், முதலில் கத்தரியால் வெட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொரு சடையாக விழுந்தது, இவர் மெதடிஸ்ட், மாதாவுக்கு முடி கொடுப்பதெல்லாம் இவர் சபையில் கிடையாது, அத்தைக்காக என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது எங்கள் மகள் எஃபுவா, நாலு வயசு, யாரோ என்று வீறிட்டு அழுதாள். தூக்கிக்கொண்டார். கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு அழுகையை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

கேட்கிறது. இருங்கள், கேட்கிறது. வலது பக்கத்திலிருந்து, டிரம் அடிக்கிற கும்பலிடமிருந்து, கு-கன், கு-கன், கு-கன். மாதாவே. அலை மாதிரி இந்தப் பக்கம் வருகிறது, பச்சைத் தொப்பியும் கையைத் தூக்கிவிட்டான், கு-கன், கு-கன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் ஜனங்களே, கொழுக்கட்டை என்றெல்லாம் திட்டிவிட்டேன், மறக்கவில்லை நீங்கள், எங்கே மறப்பீர்கள், உங்கள் தோளில் சுமந்த ஆள் இல்லையா. க்வேகுவும் கேட்டுவிட்டார், முதுகு நிமிர்கிறது, முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார், எழுந்து நின்று மேல்சட்டையின் ஜிப்பை இழுக்கிறார், கோச்சைப் பார்க்கிறார். கோச் ஷாமியானாவைப் பார்க்கிறார். மோகனரங்கம் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறான், வேண்டாம் என்று. ஏன், ஏன் வேண்டாம், கேலரி கேட்டால் இறக்குகிறேன் என்றாயே, கேட்கிறதே, காது அடைத்துவிட்டதா, பச்சைத் தொப்பி பக்கத்திலிருக்கிற சிநேகிதன் முதுகில் தட்டுகிறான். "தோ, தோ, பந்து வந்துச்சு பார் குகன்கிட்ட! இப்ப பார் வேடிக்கய!" பந்து யாரிடம் போயிற்று என்று பார்த்தேன். மூசாவிடம். "குகனுக்கு இன்னா வயசாவுது?" என்று கேட்கிறான் சிநேகிதன். "அவனுக்கு ஏது வயசு. அன்னிக்கு இருந்த மாறியே கீறான் பார், கால் போனா மாறியா கீது? எனக்கு நல்லா தெரியும்பா அவன, எதிர் கடையில கூட நின்னு டீ குட்ச்சிக்கீறேன், கைகுடுத்துக்கீறேன்."

மூசா. சடை, ஒன்பதாம் நம்பர் ஜெர்சி, கறுப்பு. போதாதா. மூசாவுக்கு இருபத்தொரு வயது, ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது, இவரைவிட ஒரு சாண் உயரம் கம்மி, இடதுகாலால் ஆடுகிறவன், இவர் வலதுகால், ஓடுகிற ஓட்டமே வேறு, பந்து விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிற நீங்கள் எந்தக் காலால் உதைக்கிறான் என்றுகூடப் பார்க்க மாட்டீர்களா. வந்தபோது ஒட்ட வெட்டிய தலையோடுதான் வந்தான். அவனுக்கு இங்கிலீஷும் வராது தமிழும் வராது, க்வேகுதான் சோறு எங்கே, வாழைக்காய் எங்கே, மீன் எங்கே என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், எங்கள் வீட்டில்தான் முதல் வாரம் முழுக்கச் சாப்பிட்டான், அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான், குழம்பு ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவான், அவன் அம்மா நினைவு போல. ஒருநாள் தலை நிறைய சடையோடு வந்து நின்றான். ஒட்டுமுடி. செக்ரட்டரி சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னச் சொன்னாராம், மூசா கையால் சைகை காட்டினான், தன் தலையைத் தொட்டு, க்வேகுவின் தலையைத் தொட்டு, இரண்டும் ஒன்று என்று. நான் சிரித்தேன். எஃபுவா அந்தச் சடையைப் பிடித்து இழுத்து விளையாடினாள். மறு வாரம் இவருடைய ஒன்பதாம் நம்பரை அவனுக்குக் கொடுத்தார்கள், முட்டி ஆறுகிறவரைக்கும்தான் என்றார்கள். இப்போதுதானே தெரிகிறது. அந்த ஆளுக்கு முதலிலிருந்தே தெரியும். மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது இவர் தலையை அந்த ஆள் மேலும் கீழும் பார்த்தானே, அப்புறம் ரொம்ப நல்ல விஷயம், சாமி காரியம் என்றானே, அதற்குப் பிறகுதானே கேலரி கேட்டால் இறக்குகிறேன் என்ற பேச்சே வந்தது. கேலரி கேட்கும் என்று தெரியும், யாரைக் கேட்கும் என்றும் தெரியும். முடி எடுத்தால் ஆள் மாறிப்போவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, பெயரைப் பிடுங்கி இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரியாமல் போய்விட்டது. ஏம்மா, நீ அழுது அழுது கேட்டாயே, இப்போது வந்து பாரேன். இல்லை, அம்மாவைச் சொல்லி என்ன, மாதாவைச் சொல்லி என்ன, ஒரு மனுஷனில் முடியை மட்டுமே பார்த்தவர்களைச் சொல்ல வேண்டும்.

க்வேகு உட்கார்ந்துவிட்டார். ஜிப்பை மறுபடியும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது, அவர் சிரிக்கிறார், இத்தனை தூரத்திலும் தெரிகிறது, ஒரு பக்கக் குழி, சிரிக்காதீர்கள், தயவுசெய்து இதற்கும் சிரிக்காதீர்கள், ஒரு தடவை அந்தத் தண்ணீர் கேனை எட்டி உதையுங்கள், ரெட் கார்டு கொடுத்தால் கொடுக்கட்டும். சொல்லிவிடவா. பச்சைத் தொப்பியின் தோளைத் தட்டி, யோவ், டீ குடித்தேன் கை கொடுத்தேன் என்கிறாயே, அதோ பெஞ்சில் இருக்கிறாரே அவர்தானய்யா, புருவத் தழும்பைப் பார், காதைப் பார் என்று சொல்லிவிடவா. சத்தியம் செய்திருக்கிறேனே. சொன்னால் அன்றைக்கு மாதிரி ஆகும், அவன் ஏதாவது சொல்வான், என் கை செருப்புக்குப் போகும், ஆட்டம் நிற்கும், பொண்டாட்டியைக் கேலரியில் அடக்கத் தெரியாதவன் என்று மோகனரங்கத்துக்கு இன்னொரு சாக்குக் கிடைக்கும். இந்த கிளப் விட்டால் வேறு கிளப் கிடையாது, முட்டி போன வெளிநாட்டு ஆட்டக்காரரை எவன் சேர்ப்பான். நேற்றுச் சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "ஜெஸி, ஆடாம இந்த ஊர்ல நான் யாரு? அண்ணன் கடைக்குப் போறேன். நீ வர்றியா, இல்லையான்னு இப்ப கேக்கல." அண்ணனுக்குத் தக்கோராடியில் மீன் உறையவைக்கிற கடை. இப்ப கேக்கல. அந்தக் கேள்வியை அப்படியே தட்டோரத்தில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, அம்மா இருக்கிறாள், எஃபுவாவைப் பள்ளியில் சேர்க்க அலைந்து அலைந்து இப்போதுதான் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, நான் பிறந்து வளர்ந்த ஊர் இது, நான் எங்கே போக, ஏன் போக. போக வேண்டியது யார்.

விசில். மூசா விழுந்துவிட்டான். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான், தசை இழுத்துக்கொண்டது போல, ஐயோ பாவம், அவனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சொல்லி இவர் அலுத்துவிட்டார். கேலரி முழுக்க எழுந்து நிற்கிறது, குகனுக்கு என்னாச்சு, குகனுக்கு என்னாச்சு. கஜபதி ஷாமியானாவைப் பார்க்கவில்லை, நான் கவனித்தேன், வேண்டுமென்றே பார்க்காமல் க்வேகுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எழுந்துவிட்டார். எழுந்துவிட்டார், மேல்சட்டை போய்விட்டது, முதுகில் பத்தொன்பது, கோட்டருகில் குதிக்கிறார், முட்டி தாங்குகிறது, மூசா நொண்டிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குனிந்து ஏதோ சொல்கிறான். அப்போது வந்தது அந்தச் சத்தம். ஊஊ என்று. முதலில் டிரம்காரர்கள் பக்கம், பிறகு எல்லாப் பக்கமும். "டேய் குகன ஏண்டா எட்த்தீங்க!" "கோச் ஒழிக!" "யார்றா இந்த மொட்ட?" க்வேகு எப்போதும் மைதானத்துக்குள் கால் வைக்கும்போது செய்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் கேலரியைக் கும்பிட்டார். ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்து வந்து அவர் மார்பில் விழுந்து உடைந்தது. அவர் குனிந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துக் கோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு, ஆட்டம் கெடக் கூடாதே என்று, ஓடினார். பச்சைத் தொப்பியும் ஊ என்றுதான் கத்தினான். என் புருஷனை என் புருஷனுக்காகவே திட்டுகிறீர்களடா, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். ஷாமியானாவில் மோகனரங்கம் கையை விரித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கேலரியைக் காட்டுகிறான், பார்த்தீர்களா, ஜனங்கள் விரும்பவில்லை என்கிறான், வாய் அசைவதே போதும் எனக்கு. தீர்ந்தது. எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நடக்கிறான், இன்னும் ஆட்டம் முடியவில்லை, அவனுக்கு முடிந்துவிட்டது.

பந்து வருகிறது. வலது ஓரத்தில், எங்கள் கேலரிக்கு நேர் கீழே, கோடு பக்கத்தில் தனியாக நிற்கிறார், எதிரில் ஒரு முரடன். கேலரி இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது. க்வேகு பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு அவனைப் பார்க்கிறார், இடது தோள் தாழ்கிறது, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முரடன் சாய்ந்துவிட்டான், குதிகால் பந்தைக் கிளப்புகிறது, பந்து மொட்டைத் தலைக்கு மேலே வளைந்து முன்னால் விழுகிறது, மறுபக்கமாகப் புகுந்து போய்விட்டார், தக்கோராடி மணல், ஒரு நொடி அத்தனை பேரும் முனகலை நிறுத்திவிட்டார்கள், கிராஸ் அடித்தார், கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டிவிட்டான், கார்னர். பச்சைத் தொப்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சிநேகிதனிடம் திரும்பினான். "பர்வால்லியே. நம்ம குகன் மாறியே பண்றாம்பா இந்த மொட்ட. பாத்துப் பாத்துக் கத்துக்கினான் போல." நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, துப்பட்டா கீழே விழுந்துவிட்டது, அவர் கார்னர் வைக்கப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்துக்கு நடக்கிறார், முட்டியில் ஒரு சின்ன நொண்டல், மார்பில் தண்ணீர் ஈரம், சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில் போடு, ஆஸ்பத்திரி ஹாலில் கூப்பிட்ட மாதிரி அடிவயிற்றிலிருந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் கூப்பிட்டேன், க்வேகு அன்சா. அத்தனை இரைச்சலில் அவர் ஒருத்தர் திரும்பினார். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதே பரிசு வாங்கப் போகிற பிள்ளை முகத்தோடு, வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். பச்சைத் தொப்பி என்னைப் பார்க்கிறான், அவரைப் பார்க்கிறான், பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டிருக்கிற மூசாவைப் பார்க்கிறான், ஏதோ ஒன்று மெல்ல அவன் மண்டையில் ஏறுகிறது, முகம் தொங்குகிறது.

"எம்மா, யாரும்மா அவுரு? நம்ம குகனா?"

"குகன் யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. அவர் பேரு க்வேகு. என் வூட்டுக்காரர். நாங்க அவர் ஊருக்குப் போறோம்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நேற்று அவர் தட்டோரத்தில் வைத்துவிட்டுப் போன கேள்விக்கு எவனோ ஒரு தொப்பிக்காரனிடம் பதில் சொல்லியிருக்கிறேன். க்வேகு பந்தைக் கொடிக்கம்பத்தடியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். உட்காருங்கண்ணே, மறைக்குது என்றேன், அவன் உட்கார்ந்தான்.